சுவரும் சித்திரமும்: பழங்கட்டடங்களை வரைந்தோர் வரலாறு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடல்நலம் பேணுதலின் இன்றியமையாமையை உணர்த்தவே பெரும்பாலும் இதனை எடுத்தாள்வர். ஆயினும் பழங்கட்டடங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பழமொழி சில வேளைகளில் தலைகீழாக நிற்பது புலப்படும். சுவர் சரிந்து, கூரை வீழ்ந்து, அவ்விடத்தில் வேறொரு கட்டடம் எழுந்துவிட்ட பின்னர், என்றோ ஒருவர் ஒரு தாளில் வரைந்து வைத்த சித்திரம் மட்டுமே அச்சுவருக்குச் சான்றாக எஞ்சியதுண்டு. அத்தகைய சித்திரங்களை வரைந்தவர் யாவர், எந்நோக்கத்தால் வரைந்தனர், அவர்தம் உழைப்பு இன்று எவ்வாறு பயன்படுகிறது என்பன எண்ணிப் பார்க்கத்தக்கன. திருவண்ணாமலை போன்ற பழம்பதியில் இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல. தெருவில் நடப்போர் கண்ணெதிரே நிற்பன.

முதுமை படிந்த ஊர்

அருணாசலேசுவரர் திருக்கோயில் ஏறத்தாழ இருபத்தைந்து ஏக்கர் பரப்பில் அமைந்தது. கிழக்கே 217 அடி உயரமுள்ள பதினொரு நிலை இராச கோபுரமும், வடக்கே அம்மணி அம்மன் கோபுரமும், தெற்கே திருமஞ்சன கோபுரமும், மேற்கே பேய்க் கோபுரமும் திகழ்கின்றன. உள்ளே வல்லாள மகாராசன் கோபுரமும் கிளிக் கோபுரமும் உள்ளன. இராச கோபுரம், ஆயிரங்கால் மண்டபம், திருக்குளம் ஆகியவற்றைக் கிருட்டிணதேவராயர் எழுப்பிய செய்தி கி.பி. 1516-17ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டால் அறியப்படுகிறது. அக்கோபுரம் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது என்பர். சோழர், போசளர், விசயநகர வேந்தர், நாயக்கர் எனப் பல காலத்தார் கைவண்ணம் ஒரே மதிலுக்குள் அடுக்கடுக்காய் அமைந்திருத்தல் இக்கோயிலின் சிறப்பு.

இக்கட்டடங்கள் அமைதியாகவே முதுமை எய்தியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் உயர்ந்த மதில்களையுடைய இக்கோயில் கோட்டையாகவே கருதப்பட்டது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், நவாபுகள் ஆகியோர் படைகளிடையே கைமாறியது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் ஒருபுறமும், கர்னல் சோசப் சுமித்து மறுபுறமுமாக இவ்வூரருகே பெரும்போர் நிகழ்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானின் படையும் இவ்வூரைக் கைக்கொண்டது. ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிய பாதாள லிங்கச் சன்னிதி நெடுங்காலம் சிதைந்து கிடந்து, பின்னர்ச் செப்பனிடப்பெற்று, 1949இல் கவர்னர் செனரலாக இருந்த இராசாசியால் திறந்து வைக்கப்பெற்றது யாவரும் அறிந்ததே.

கோயிலோடு ஊரின் முதுமை முடிந்துவிடவில்லை. பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் வழிநடைப்போர் இளைப்பாறக் கட்டப்பட்ட கல் மண்டபங்கள் பல உள்ளன. மாட வீதிகளிலும் அவற்றை அடுத்த தெருக்களிலும் மடங்கள், சத்திரங்கள், திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் ஆகியவை இருந்தன. சில இன்றும் உள்ளன. கோயிலுக்குக் கல்வெட்டுண்டு, செப்பேடுண்டு, தலபுராணமுண்டு. திண்ணை வீட்டுக்கோ அதன் சுவரைத் தவிர வேறு ஆவணமில்லை. இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழர் மரபில் சிதைவு

தமிழகம் ஓவியத்திற் பின்தங்கிய நாடன்று. வண்ணம் தீட்டாத கோட்டுருவைப் 'புனையா ஓவியம்' எனத் தனிப்பெயரிட்டு வழங்கும் அளவுக்குப் பழந்தமிழர் இக்கலையில் தேர்ந்திருந்தனர். சித்திரகாரப் புலி எனப் பட்டம் பூண்ட மகேந்திரவர்ம பல்லவனின் மாமண்டூர்க் குடைவரை இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள சிதைந்த வடமொழிக் கல்வெட்டில் 'தட்சிணசித்திரம்' என்னும் பெயர் காணப்படுகிறது. ஓவிய நூல் ஒன்றற்கு அவ்வேந்தன் செய்த உரையைக் குறிப்பது அது என அறிஞர் கருதுவர். போளூரையடுத்த திருமலைச் சமணக் கோயிலில் பழைய சுவரோவியங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன.

எனினும் இம்மரபில் ஒன்றைக் காண்பது அரிது. சிதைந்த கட்டடத்தைச் சிதைந்தவாறே வரைதல் என்பதே அது. இறைவன், அடியார், அரசன், ஆடல் மகளிர், விலங்கு, கொடி எனச் சுவரோவியங்கள் காட்டும் உலகில் கோபுரங்களும் மண்டபங்களும் வருகின்றன. ஆனால் அவை எக்காலும் புத்தம் புதியனவாகவே தோன்றும். காரை பெயர்ந்த கோபுரத்தையோ, ஆலங்கன்று முளைத்த விமானத்தையோ எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஆகமங்களும் சிற்ப நூல்களும் பழுதுற்ற கோயிலைப் புதுக்குவதைச் 'சீர்ணோத்தாரணம்' எனப் பெயரிட்டு விதிக்கின்றன. பழுது என்பது குற்றம். அதனை நீக்குவது புண்ணியம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கம் இக்கருத்தின் வழிவந்ததே. வீட்டைப் பொறுத்தவரையும் பொங்கல்தோறும் வெள்ளையடித்துப் பழையன கழிக்கும் மரபே நிலவுகிறது. ஆகவே தமிழர் சிதைவை வரையாமல் விட்டது கவனக் குறைவாலன்று. சிதைவை நிலைநிறுத்தலாகாது என்னும் கொள்கையால் எனலாம். அக்கொள்கையே ஆயிரம் ஆண்டுக் கோயில்களை இன்றளவும் வழிபாட்டில் நிலைபெறச் செய்தது. அதே கொள்கை, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறையின் அடையாளத்தை அழித்துக்கொண்டே செல்லவும் இடந்தந்தது. இவ்விரண்டும் ஒருசேர உண்மை.

கடல் கடந்து வந்த ஓவியர்

பழுதுற்ற கட்டடங்களை அவை நின்ற நிலையிலேயே விரும்பி வரையும் வழக்கம் ஐரோப்பியரோடு வந்தது. வில்லியம் ஓட்சசு 1780இல் சென்னைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து தாமசு டேனியலும் அவர் உடன்பிறந்தார் மகனான வில்லியம் டேனியலும் 1792-93இல் தென்னாட்டில் நெடும்பயணம் மேற்கொண்டனர். திப்புவுடன் நடந்த போர் 1792இல் ஓய்ந்தமையே அவர்களுக்கு வழி திறந்தது. திருவண்ணாமலைக்கு மேற்கே அமைந்த பாரமகால் பகுதியின் மலைக்கோட்டைகள், சங்ககிரி, திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, பாபநாசம், மாமல்லபுரம் ஆகியவற்றை அவர்கள் வரைந்தனர்.

அவர்கள் வேலை செய்த முறை கருதத்தக்கது. இருட்டறைப் பெட்டி என்னும் கருவியின் துணையால் கட்டடத்தின் உருவளவைத் தாளில் பதித்துக்கொண்டு, பென்சிலால் கோடிட்டு, அதன்மேல் நீர்வண்ணம் பூசினர். தாயகம் மீண்டபின் அவற்றைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டுக் கைவண்ணம் தீட்டி வெளியிட்டனர். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அத்தொகுதிகளில் 144 படங்கள் அடங்கின.

அவற்றுள் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகளைக் காட்டும் படம் இக்கட்டுரைப் பொருளுக்கு மிகவும் இயைந்தது. 1636இல் எழுந்ததாகக் கூறப்படும் அவ்வரண்மனையின் பகுதிகள் பல சொக்கநாத நாயக்கர் காலத்தில் பிரிக்கப்பட்டுத் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பர். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிடச் செய்தார். இன்று காண்போர் கண்ணுக்குப் படுவது செப்பனிட்ட அரண்மனை. செப்பனிடுவதற்கு முந்திய நிலை யாதென அறிய விழைவோர் டேனியல்கள் வரைந்த தாளையே நாட வேண்டியுள்ளது. சுவர் மாறிற்று, சித்திரம் நின்றது.

எனினும் அப்படங்களை அப்படியே ஆவணமாகக் கொள்ளுதலும் தவறாம். காட்சி எழில் கருதி மரங்களையும் மனிதர்களையும் தமக்கு வேண்டியவாறு நிறுத்தும் வழக்கம் அக்கால ஓவியர்க்கு இருந்தது. இடிபாட்டைக் கண்டு இன்புறும் அவர்தம் சுவையில், இந்நாட்டின் பெருமையெல்லாம் பழங்கதை என்னும் எண்ணமும் கலந்திருந்ததை மறுக்க இயலாது. வென்றவர் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடிபாடு, அவ்வூரில் வாழ்ந்தவர்க்கு இழப்பாயிருந்தது.

அழகு கருதாது அளவு கருதி வரைந்தவர் கர்னல் காலின் மெக்கன்சி. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்ந்த அவர், கவலி வேங்கட போரையா, இலட்சுமையா முதலிய இந்நாட்டறிஞர் துணையுடன் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் தொகுத்தார். 1828இல் வெளிவந்த அத்தொகுப்பின் பட்டியல் 2,630 வரைபடங்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுட் பலவற்றை வரைந்தோர் அவரிடம் பணிசெய்த வரைவாளர்கள். அன்னாருட் பெரும்பாலோர் பெயர் தாளில் இல்லை. கோடு மட்டுமே உள்ளது.

எட்வர்டு லியர் என்னும் ஆங்கில ஓவியர் 1874இல், தமது அறுபதுக்கு மேற்பட்ட வயதில், சென்னை, காஞ்சி, மாமல்லபுரம் முதலிய இடங்களுக்கு வந்தார். காட்சி முன் அமர்ந்து பென்சிலால் விரைந்து வரைந்து, இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று சொற்களால் குறித்துக்கொண்டு, நாளையும் இடத்தையும் எழுதி வைத்துப் பின்னர் மையும் வண்ணமும் சேர்ப்பது அவர் வழக்கம். நிறத்தைச் சொல்லாற் குறித்து வைத்த இச்சிறு பழக்கம், அவர் தாள்களை ஓவியம் என்பதற்கு மேலாகக் குறிப்பேடாகவும் ஆக்கிற்று.

கோட்டினால் காலம் கணித்தோர்

வரைதல் என்பது பார்த்ததைப் பதிவதோடு நில்லாது அறிவைத் தோற்றுவிக்கும் வழியும் ஆகும். இதனை முதலில் மெய்ப்பித்தவர் தஞ்சையிற் பிறந்த இராம்ராசு. வடமொழிச் சிற்ப நூல்களின் கலைச்சொற்கள் புரியாதபோது, தொழிலறிந்த சிற்பிகளின் துணையை நாடி, நூலில் உள்ளதைக் கோயிலில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பொருள் கண்டார். அவர் மறைந்தபின் 1834இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்தின் சார்பில் அவரது நூல் 48 படங்களுடன் வெளிவந்தது. தென்னிந்தியக் கட்டடக்கலையை இந்நாட்டார் ஒருவர் அளவுப் படங்களோடு உலகுக்கு விளக்கிய முதல் நூல் அதுவே எனலாம்.

அதன்பின் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த சூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளிது. தூணின் மேலுள்ள போதிகை, கொடுங்கையின் மேலுள்ள கூடு, கோட்டத்தின் மேலுள்ள தோரணம் ஆகிய சிற்றுறுப்புகளைக் கோயில்தோறும் வரைந்து வரிசைப்படுத்தினார். சோழர் காலப் போதிகை கோணமாக வெட்டப்பட்டு நடுவே முளை நீட்டி நிற்கும்; விசயநகர, நாயக்கர் காலத்திலோ அது வளைந்து தொங்கிப் பூமொட்டாக முடியும். கல்வெட்டே இல்லாத மண்டபத்தின் காலத்தையும் இவ்வேறுபாட்டைக் கொண்டு ஏறத்தாழக் கணிக்கலாம் என அவர் நிறுவினார். கையால் வரைந்தவர்க்கே இது புலப்பட்டிருக்கும். வெறும் பார்வைக்குப் போதிகை போதிகையாகவே தோன்றும். ஐம்பது முறை வரைந்த கைக்கு மட்டுமே ஐம்பதும் ஐந்து வகை என்று தெரியவரும்.

இம்முறையின் முழு வளர்ச்சியைத் திருவண்ணாமலையே கண்டது. தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனமும் இணைந்து இவ்வூரைப் பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட ஆய்வு நூலை 1989 முதல் வெளியிட்டன. பி.ஆர். சீனிவாசன் கல்வெட்டுகளைத் தொகுத்தார். பிரான்சுவாசு லெர்னோ, பியேர் பிசார், சான் தெலோசு ஆகிய மூவரும் தொல்லியற் பகுதியை எழுதி 1990இல் வெளிக்கொணர்ந்தனர். பிசார் கட்டடக் கலைஞர். கோயிலின் நிலப்படமும் நிற்படமும் அளந்து வரையப்பட்டன. விழா, சடங்கு, சமூக அமைப்பு ஆகியவற்றோடு ஊரும் தனிப்பகுதியாக ஆராயப்பட்டமை குறிப்பிடத்தக்கது. தமிழகத்துக் கோயிலூர்களுள் இத்தகைய பெரும்பேறு பெற்றவை மிகச் சிலவே. ஆயினும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அமைந்த அந்நூல்கள் அவ்வூரார் பலர் கைக்கு எட்டவில்லை என்பதும் சொல்லத்தக்கதே.

புகைப்படமும் தூரிகையும்

லினியசு டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி 1857-58இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய இடங்களைப் படம் பிடித்தார். அதன்பின் கட்டடங்களை வரைவதற்கான தேவை ஒழிந்தது எனப் பலர் கருதினர். ஆயின் அடுத்த நூறாண்டுக் காலம் பெரும்பாலான புகைப்படங்கள் கருப்பும் வெள்ளையுமாகவே அமைந்தன. காவி எது, செங்கல் எது, பாசி எது, விளக்குப் புகை எது என்னும் வேறுபாடு அவற்றில் சாம்பல் நிறத்தின் ஏற்றத்தாழ்வாக ஒடுங்கிவிட்டது. உருவம் கிடைத்தது, நிறம் இழக்கப்பட்டது.

இக்காலத்தில்தான் தமிழ் வாசகர் வீடுதோறும் கோயிற்கலையைக் கொண்டு சேர்த்தார் ஓவியர் 'சில்பி'. பி.எம். சீனிவாசன் என்னும் இயற்பெயருடைய இவர் 1919இல் நாமக்கல்லிற் பிறந்தார். சென்னைக் கலைப் பள்ளியில் தேவி பிரசாத் இராய் சௌத்திரியிடம் பயின்றார். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி சூட்டிய பெயரே சில்பி என்பது. 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்காக அவர் ஊர் ஊராகச் சென்று, சிற்பத்தின் எதிரிலேயே அமர்ந்து, விரல் நகத்தையும் அணிகலன் மணியையும் விடாது கோட்டில் வடித்தார். தொடக்கத்தில் அப்படங்களுக்குரிய விளக்கங்களை எழுதியவர் எழுத்தாளர் தேவன். அதுவரை தமிழ்நாட்டுக் கட்டடங்களையும் சிற்பங்களையும் அச்சேற்றியவர் பெரும்பாலும் பிறநாட்டார். வாங்கிப் பார்த்தவரும் அவரே. சில்பியின் கோடுகளோ தமிழர் வரைந்து தமிழர் வார இதழில் தமிழர்க்காகவே வெளிவந்தவை. 1983இல் அவர் மறைந்தார்.

திருவண்ணாமலையில் 1932இல் பிறந்து, அதே சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கிய ஏ.பி. சந்தானராசு கோட்டின் ஆற்றலால் புகழ் பெற்ற ஓவியர். அவர் கட்டடங்களைப் பதிவு செய்தவர் அல்லர். அவர் கலை நவீன ஓவிய வழியிற் சென்றது. ஆயினும் கோடே ஓவியத்தின் உயிர் என்னும் பழந்தமிழ்க் கொள்கை இவ்வூர் மைந்தர் ஒருவர் கையில் புதுவடிவு பெற்றமை இங்கு நினையத்தக்கது. 2009இல் அவர் இயற்கை எய்தினார்.

எளியோர் கருவி

டேனியல்களின் நீர்வண்ணமும், சில்பியின் மைக்கோடும் பயிற்சி மிக்கார்க்கே கைவருவன. நிறத்தையும் கோட்டையும் ஒருங்கே தந்து, தெருவோரத்தில் அமர்ந்து வரைதற்கும் ஏற்ற கருவி ஒன்று உண்டு. பள்ளிச் சிறார் கையிலிருக்கும் வண்ணப் பென்சிலே அது.

எழுதும் பென்சிலின் நடுக்குச்சி கிராபைட்டுத் தூளையும் களிமண்ணையும் பிசைந்து சூளையிற் சுட்டுச் செய்யப்படுவது. நிக்கொலா கொந்தே என்னும் பிரெஞ்சுக்காரர் 1795இல் கண்ட முறை இது. வண்ணப் பென்சிலின் குச்சியோ சுடப்படுவதில்லை. நிறமிகள் சூட்டில் கெடுமாதலால், அவற்றை மெழுகு அல்லது எண்ணெய், பசை, மாவுக்கல் முதலியவற்றோடு பிசைந்து, அழுத்தி இழுத்து, உலர்த்தி மரத்தில் பொதிவர். செருமனியின் பேபர் காசுடெல் நிறுவனம் 1908இல் ஓவியர்க்கெனவே வண்ணப் பென்சில்களை வெளியிட்டது. இந்தியாவில் 1931இல் தோன்றிய காம்லின், 1958இல் தோன்றிய இந்துசுதான் பென்சில்சு ஆகிய நிறுவனங்கள் பென்சில்களை எளிய விலையில் நாடெங்கும் பரப்பின.

பழஞ்சுவரை வரைய இக்கருவி பொருந்துவதற்குத் தக்க காரணம் உண்டு. பழஞ்சுவர் என்பது அடுக்குகளால் ஆனது. செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் ஆண்டுதோறும் அடித்த வெள்ளை, இடையிடையே காவிப் பட்டை, மழைநீர் வழிந்த தடத்தில் கரும்பாசி, மாடத்தைச் சுற்றி விளக்குப் புகை எனக் காலம் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கும். வண்ணப் பென்சிலும் அவ்வாறே மெல்லிய அடுக்குகளால் நிறத்தைக் கட்டுவது. தாளின் வெண்மையை வெள்ளையடித்த இடத்துக்கு விட்டுவிட்டு, வெளிர்மஞ்சளில் தொடங்கி, காவி, செம்பழுப்பு, நீலம் கலந்த சாம்பல் எனப் படிப்படியாக ஏற்றினால், காரை பெயர்ந்த சுவர் தாளில் தானே உருப்பெறும். கரிய பென்சிலை எடுத்தவுடன் அழுத்துவோர் சுவரைக் கொன்றுவிடுவர். பழஞ்சுவரில் முழுக்கருமை மிக அரிது. கூர்ந்து நோக்குவார்க்கு நிழலிலும் ஊதாவும் பச்சையும் தென்படும்.

இவ்வாறு வரைவோர் விரும்பியோ விரும்பாமலோ வரலாறு கற்கின்றனர். கொடுங்கைக்குக் கீழே கல் வெளுத்தும் மேலே கறுத்தும் இருப்பது ஏன் என்று பென்சிலைத் தேர்ந்தெடுக்கும்போதே வினவ வேண்டியிருக்கிறது. மழைநீரைச் சுவரில் படாமல் எறிவதே கொடுங்கையின் பணி என்பது அப்போது விளங்குகிறது. கோபுரத்தின் அடித்தளம் ஒரு நிறமாகவும் மேல்நிலைகள் வேறு நிறமாகவும் தோன்றுவதைக் கண்டு, கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும் என்று அறிகின்றனர். வீட்டுக் கூரையின் ஒருபுறம் சிறிய நாட்டோடும் மறுபுறம் பட்டையான மங்களூர் ஓடும் இருப்பின், அவ்வீடு இருவேறு காலத்தில் செப்பனிடப்பட்டது என்பது தெளிவு. மங்களூரில் பாசல் சமயச் சங்கத்தார் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியது 1865இல்தான் ஆதலின், அப்பகுதி அதற்கு முந்தியதாக இருத்தல் இயலாது. சுவரே ஏடாகிறது, வரைபவரே அதன் வாசகர் ஆகிறார்.

சாரம் கட்டுமுன்

பழமையைக் காப்பதா, புதுக்குவதா என்னும் வழக்குத் திருவண்ணாமலைக்குப் புதிதன்று. 2002இல் நடுவணரசின் தொல்லியல் துறை இக்கோயிலைத் தன் பாதுகாப்பில் கொணர அறிவிப்பு வெளியிட்டபோது ஊரார் கடுமையாக எதிர்த்தனர். வழிபாடு நிகழும் திருக்கோயிலைக் காட்சிப் பொருளாக்கலாகாது என்பது அவர்தம் வாதம். 2004இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மறுபுறம், திருப்பணி என்ற பெயரால் தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணலை அழுத்தத்தோடு பீச்சிக் கல்லைத் தூய்மை செய்தமையால் கல்வெட்டெழுத்துகள் மழுங்கியதும், சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டு ஏறியதும், பழைய சுதை உருவங்கள் பளிச்சிடும் வண்ணங்களில் மூழ்கியதும் அறிஞர் கண்டனத்துக்கு உள்ளாயின.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. திருப்பணியை நிறுத்துமாறு கூறுவது மரபுக்கு மாறானது. 2017 பிப்ரவரியில் நடந்த குடமுழுக்கைக் காணத் திரண்ட மக்கள் வெள்ளம் அம்மரபின் வலிமைக்குச் சான்று. அதே வேளையில், முந்திய நிலை யாதென்னும் குறிப்பே இன்றிப் புதுக்குவது, எழுதிய ஏட்டைக் கழுவிவிட்டு அதன்மேல் எழுதுவதை ஒக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் எளிய வழி உண்டு. சாரம் கட்டுமுன் வரைந்து வைத்தலே அவ்வழி. பழைய சுவர் மறையலாம். அதன் தோற்றம் மறைய வேண்டுவதில்லை.

புகைப்படக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் புகுந்துவிட்ட காலத்தில் இஃது எதற்கு எனச் சிலர் வினவலாம். புகைப்படம் எடுக்க வேண்டியதே. ஆயின் ஒரு நொடியில் எடுத்த படத்தை மறுநொடியில் மறப்பது எளிது. அரை நாள் திண்ணையில் அமர்ந்து ஒரு தூணை வரைந்தவர் அத்தூணை மறப்பதில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்து, அத்தூண் யார் காலத்தில் எவ்வூரிலிருந்து வந்தது என்று சொல்லத் தொடங்குவார். அச்செய்தி எந்தக் கல்வெட்டிலும் இல்லாதது. மேலும், மின்கம்பிகளும் விளம்பரப் பலகைகளும் மறைத்த முகப்பை அவற்றை நீக்கிக் காட்டும் உரிமை கைக்கு உண்டு; கருவிக்கு இல்லை. அவ்வுரிமையைக் கற்பனைக்குப் பயன்படுத்தாமல் உண்மைக்குப் பயன்படுத்துவதே டேனியல்களிடமிருந்து கற்க வேண்டிய எச்சரிக்கை. நாள், தெரு, நோக்கிய திசை, தூணின் உயரம், கண்ட நிறங்கள் ஆகியவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதி வைப்பது லியரிடமிருந்து கற்க வேண்டிய ஒழுங்கு.

இவ்வுழைப்புக்கு மிகுதியும் உரியவை கோபுரங்கள் அல்ல. அவற்றைக் காக்க அரசுண்டு, அறநிலையத் துறையுண்டு, ஆய்வாளர் உண்டு. கிரிவலப் பாதையின் பெயரறியா மண்டபமும், மாட வீதியின் பின்புறத் தெருவில் ஓடு சரிந்து நிற்கும் திண்ணை வீடும், வாரிசுகள் பங்கு பிரித்தவுடன் இடிக்கப்படவிருக்கும் சத்திரமுமே அதற்கு உரியவை. அவற்றை இடிப்பவரைக் குறை கூறுதலும் முறையன்று. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்வோர்க்குப் புதுவீடு வேண்டுவது இயல்பே. ஆயினும் இடிக்கும் நாளுக்கு முன் ஒரு மாணவனோ மாணவியோ பன்னிரண்டு வண்ணப் பென்சில்களோடு அத்திண்ணையின் எதிரே ஒரு காலைப் பொழுது அமர்ந்திருந்தால், அவ்வீடு முற்றிலும் அழிந்ததாகாது.

இராம்ராசு சிற்பிகளை நாடிச் சென்றார். சில்பி சிற்பங்களை நாடிச் சென்றார். பிசாரும் அவர்தம் துணைவரும் கடல் கடந்து வந்து கோயிலை அளந்தனர். இவ்வூரின் சிறார்க்கு அத்துணைத் தொலைவு இல்லை. வாயிலைத் திறந்தால் தெரு, தெருவில் அச்சுவர். சுவரை வைத்துச் சித்திரம் எழுதுக என்றனர் முன்னோர். சுவர் உள்ளபோதே எழுதுக என்பது அப்பழமொழிக்கு இக்காலம் சேர்க்கும் உரை.